சலவை யந்திரமும் வடிகாலும்

வீட்டிற்குள் நீரைக் கொண்டுவர நாம் படும் பாட்டில் பாதியளவேனும் அந்நீரை வெளியேற்றப் படுவதில்லை. குழாய் எங்கே வரவேண்டும், தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பன பற்றிக் குடும்பத்தார் அனைவரும் கூடி யோசிப்பர். உபயோகித்த நீர் எங்கே போகும் என்பதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவர். கையால் துவைத்த காலத்தில் இதனால் பெருங்கேடு நேரவில்லை. துவைக்கும் கல்லின்மீது வாளி வாளியாகக் கொட்டிய நீர் மெல்ல வழிந்து, வாழைக்கோ தென்னைக்கோ பாய்ந்தது. இன்று சலவை யந்திரம் வந்துவிட்டது. கூட்டுக் குடும்பங்களில் ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் வந்திருக்கிறது. ஆகவே இதைப் பற்றி அங்கத்தினர்கள் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

யந்திரத்தை நாம் குறை கூற வரவில்லை. மூட்டை மூட்டையாகத் துணி துவைத்துத் தோள் நொந்த பெண்மக்களுக்கு அது செய்துள்ள உபகாரம் பெரிது. நாம் கூற வருவது ஒன்றே: இரண்டாவது யந்திரத்திற்குப் பணம் ஒதுக்குமுன் வடிகாலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதன் காரணத்தையும் முறையையும் கீழே விளக்குவோம்.

கருக்களாச்சேரியில் கண்டது

கருக்களாச்சேரி, காரைக்கால் பகுதியில் வங்கக் கடலை ஒட்டியுள்ள மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கரையைத் தாக்கிய கடற்கோளுக்குப் பின் இக்கரையோர ஊர்களில் புதிய வீடுகள் பல எழுந்தன. அத்தகைய சிறு வீடுகளின் வடிகால், குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் போதுமான அளவிலேயே அமைவது வழக்கம்.

இவ்வூரில் நாம் பார்வையிட்ட ஒரு வளவில் அண்ணன் தம்பியர் மூவர் குடும்பங்கள் வசிக்கின்றன. மூன்று குடும்பங்களுக்கும் மூன்று யந்திரங்கள் இருந்தன. மூன்றின் கழிவுக் குழாய்களும் ஒரே குளியலறைத் தரையிலுள்ள ஒரே துவாரத்தில் விடப்பட்டிருந்தன. அங்கிருந்து 40 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, வீட்டுக் கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் தோண்டிய உறிஞ்சு குழிக்குச் சென்றது. இரண்டு யந்திரங்கள் ஒருசேர நீரை விட்டால் குளியலறையில் கணுக்கால் அளவு நுரை நீர் நிற்கும். எந்த வீட்டு நீரால் இது நேர்ந்தது என்று மருமக்களிடையே மனஸ்தாபமும் நேர்ந்திருந்தது. வீட்டிலே மூத்த அம்மையார் நம்மிடம், “மெஷின் வந்து கைவலி போச்சு ஐயா, ஆனா கிணத்துத் தண்ணியில நுரை வருதே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. குளியலறையில் நிற்கும் நீர் ஒரு தொல்லை. கிணற்றில் வரும் நுரை ஓர் அபாயம். இரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

யந்திரம் நீரை விடும் விதம்

ஒரு நாளில் எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்பதைக் கொண்டு குழாயின் அளவைத் தீர்மானிப்பது பிழை. ஒரு நிமிடத்தில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதே கணக்கு. நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகப் போகும் முந்நூறு லிட்டரை ஒரு சிறு குழாயும் தாங்கும். இரண்டு நிமிடத்தில் வந்து விழும் எண்பது லிட்டரை அது தாங்காது.

யந்திரங்களில் இரு வகை உண்டு. முன்புறம் கதவு திறக்கும் யந்திரம் தன்னுள் இருக்கும் சிறு பம்பினால் நீரை மேலே தள்ளி வெளியேற்றும். மேற்புறம் திறக்கும் யந்திரங்களிலும் இரட்டைத் தொட்டி யந்திரங்களிலும் நம் நாட்டில் விற்பவற்றுள் பெரும்பாலானவை அடியிலுள்ள அடைப்பைத் திறந்துவிடும். நீர் தன் பாரத்தாலேயே வடியும். முதல் வகைக்குக் கழிவுக் குழாயின் முனை உயர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அது தரையை ஒட்டித் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த வேற்றுமையை அறியாமல் இரண்டையும் ஒரே விதமாகப் பொருத்துவதே பல வீடுகளில் தொல்லைக்குத் தொடக்கம்.

உங்கள் யந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறது என்பதை அறியப் படிப்பு வேண்டியதில்லை. 15 லிட்டர் வாளி ஒன்றும் நொடி முள் உள்ள கடிகாரமும் போதும். பம்பு உள்ள யந்திரமாயின், குழாய் முனையை அதன் வழக்கமான உயரத்திலேயே வைத்து, வாளியை முக்காலிமீது ஏற்றிப் பிடிக்க வேண்டும். 20 நொடியில் வாளி நிரம்பினால் நிமிடத்துக்கு 45 லிட்டர். 25 நொடியாயின் 36 லிட்டர். 50 நொடியாயின் 18 லிட்டர். இம்மூன்று யந்திரங்களும் ஒரே சமயத்தில் நீரை விட்டால் நிமிடத்துக்கு 99 லிட்டர் வடிகாலுக்கு வரும்.

இனிக் குழாயின் சக்தியைப் பார்ப்போம். 40 அடி நீளத்துக்கு ஓரடி சரிவாகப் படுத்துள்ள 40 மில்லிமீட்டர் குழாய், பாதி நிறைந்து ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர் கொண்டுசெல்லும். அதே சரிவில் 75 மில்லிமீட்டர் குழாய் சுமார் 140 லிட்டர் கொண்டுசெல்லும். விட்டம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே உயர்ந்தது. நீரோ ஐந்து மடங்கு ஓடுகிறது. பாதிக் குழாயே நிறைய வேண்டும் என்று நாம் கணக்கிடுவதற்குக் காரணம், மேற்பாதி காற்றுக்கு உரியது என்பதே. காற்றுக்கு இடமின்றி நிறைந்தோடும் குழாய் ‘களக், களக்’ என்று ஒலித்து, பக்கத்துத் துவாரங்களின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். மேற்கூறிய வளவிலிருந்த 40 மில்லிமீட்டர் குழாய் மூன்று யந்திரங்களில் இரண்டுக்குத் தனித்தனியேகூடப் போதாது என்பது இப்போது விளங்கும்.

குழாய் அமைக்கும் முறை

முதலாவதாக, ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி வாய் வேண்டும். பம்பு உள்ள யந்திரத்துக்குச் சுவரை ஒட்டி நிற்கும் 50 மில்லிமீட்டர் நிலைக்குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் வாய் தரையிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கச் செய்ய வேண்டும். யந்திரத்துடன் வரும் கையேட்டில் வேறு உயரம் குறித்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். முனை மிகத் தாழ்ந்திருந்தால், ஒரு முறை ஓடத் தொடங்கிய நீர் நிற்காமல் இழுபட்டுப் போகும். யந்திரம் நீரைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தொட்டி நிரம்பாது. யந்திரம் பழுது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரை அழைப்போர் பலர். பழுது குழாயின் உயரத்தில் இருக்கும்.

இரண்டாவதாக, முனையை நிலைக்குழாயினுள் சிறிதளவு மட்டும் நுழைத்து, சுற்றிலும் காற்றுப் புக இடம் விட வேண்டும். துணியோ பசையோ கொண்டு அடைத்தல் ஆகாது. அடைத்தால் சாக்கடை நீர் யந்திரத்துக்குள் திரும்ப உறிஞ்சப்படக் கூடும்.

மூன்றாவதாக, அடியில் வடியும் யந்திரத்தை ஓரடி உயரமுள்ள உறுதியான கட்டு மேடையில் வைத்தால் நீர் விரைந்து வடியும்; மழைநீர் வீட்டினுள் புகுந்தாலும் யந்திரம் தப்பும். செங்கற்களை அடுக்கி அதன்மேல் வைப்பது தவறு. பிழியும்போது ஏற்படும் அதிர்ச்சியில் கற்கள் நகர்ந்துவிடும்.

நான்காவதாக, ஒவ்வொரு வாய்க்கும் கீழே நீர் தேங்கி நிற்கும் வளைவு ஒன்று வேண்டும். குழாய் வேலை செய்வோர் இதனை ‘டிராப்’ என்பர். அதில் எப்போதும் இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் நிற்பதால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வாரா. மூன்று யந்திரங்களின் குழாய்களும் இந்த வளைவுகளைக் கடந்த பின்னரே பொதுக் குழாயில் சேர வேண்டும். சேருமிடத்தில் நேர்க் கோணமாகச் சேராமல், நீர் ஓடும் திசையில் சாய்ந்து சேரும் ‘ஒய்’ இணைப்பையே உபயோகிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பொதுக் குழாயின் தலைப்பிலிருந்து கூரைக்கு மேல் செல்லும் காற்றுக் குழாய் ஒன்று வேண்டும். இதனைச் செலவு என்று கருதித் தவிர்ப்போர் மிகுதி. அது இல்லாவிட்டால், ஒரு யந்திரம் வேகமாக நீரை விடும்போது மற்ற வளைவுகளில் நிற்கும் நீர் இழுபட்டுப்போய், வீடெல்லாம் நாற்றம் பரவும்.

ஆறாவதாக, பொதுக் குழாய் 75 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சரிவு 40க்கு 1. அதாவது 6 மீட்டர் நீளமுள்ள குழாய்க்குத் தலைக்கும் முடிவுக்கும் 15 சென்டிமீட்டர் தாழ்வு. திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். உப்புக் காற்று வீசும் இடத்தில் மின் இணைப்புகள் விரைவில் துருப்பிடிக்கும். ஈரத் தரையில் நின்று யந்திரத்தைத் தொடுவோர் உயிர் சம்பந்தப்பட்டதாகையால், சரியான நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் இன்றியமையாதவை.

மணலும் பஞ்சும்

கடற்கரை ஊர்களின் துணிகளில் அழுக்கைவிட மணல் அதிகம். நெசவாளர் வீடுகளிலோ துணியுடன் நூல் துய்யும் பஞ்சும் வரும். மணல் குழாயின் அடியில் படியும்; பஞ்சு அதன்மேல் படியும்; சோப்புப் பசை இரண்டையும் பிணைக்கும். சில மாதங்களில் 75 மில்லிமீட்டர் குழாயும் அடைபடும். ஆகவே குழாய் வீட்டைவிட்டு வெளியேறும் இடத்தில், நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள தொட்டி ஒன்றைக் கட்ட வேண்டும். உள்ளே வரும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியால் தைத்த பை ஒன்றைக் கட்டினால் பஞ்சு அதில் தங்கும். வெளியேறும் குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மிதக்கும் நுரையும் பசையும் போகா. மணல் அடியில் தங்கும். வாரம் ஒரு முறை பையை உதறி, மணலை வாரி எடுத்தால் போதும். தொட்டியில் நீர் நிற்குமாகையால் மூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தேங்கிய கழிவு நீரிற்றான் யானைக்கால் நோயைப் பரப்பும் குலெக்ஸ் கொசு பெருகுகிறது.

நீர் எங்கே போவது?

இனி மூத்த அம்மையார் கூறிய விஷயத்துக்கு வருவோம். கடற்கரை மணலில் குழி தோண்டி நீரை விட்டால் உடனே மறைந்துவிடுகிறது. இதைவிட எளிய வழி எது என்று பலர் கேட்கின்றனர். மறைந்த நீர் எங்கே போயிற்று என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கரையோரத்தில் நிலத்தடியில் நல்ல நீர், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டுக் கைபென் என்பவரும், 1901இல் ஜெர்மனி நாட்டு ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதன் கீழ் ஏறக்குறைய நாற்பதடி நல்ல நீர் இருக்கும் என்பது அவர்கள் விதி. ஆகவே நமது கரையோரக் கிணறுகள் மழை தந்த ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை நம்பியிருப்பவை. மணல் நீரை விரைந்து உறிஞ்சும். அதில் கரைந்துள்ள சோப்புக் காரத்தையோ உப்பையோ தடுத்து நிறுத்தாது. பத்தடி தூரத்துக் குழியில் விட்ட நீர் கிணற்றுக்கு வந்து சேர்வதில் வியப்பில்லை.

செப்டிக் தொட்டி பற்றிய இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470, அத்தொட்டி நீரை மண்ணில் விடும் இடம் குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்கு அருகில் இருத்தலாகாது என்கிறது. சலவை நீருக்கும் அதே தூரத்தைக் கொள்வது உத்தமம். குழந்தைத் துணியும் நோயாளி துணியும் துவைத்த நீரும் அதில் உண்டு. மேலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது உறிஞ்சு குழி பெயரளவிலேயே குழி. உண்மையில் அது இன்னொரு கிணறு.

சலவை நீரைச் செப்டிக் தொட்டியில் விடலாமா என்றும் கேட்கின்றனர். கூடாது என்பதே நம் கருத்து. அத்தொட்டியில் கழிவு பல மணி நேரம் அசையாமல் நின்று படிய வேண்டும். யந்திரத்தின் நீர் திடீரென்று பாய்ந்து படிந்ததைக் கலக்கி வெளியே தள்ளிவிடும்.

நல்ல வழி, நீரை இரண்டாகப் பிரிப்பதாகும். சோப்புடன் முதலில் வெளியேறும் நீர் ஒன்று; பின்னர் அலசிய நீர் மற்றொன்று. பொதுக் குழாயின் முடிவில் திருப்பு வால்வு ஒன்றை வைத்தால், முதல் நீரைத் தெரு வடிகாலுக்கும் அலசு நீரைத் தோட்டத்துக்கும் அனுப்பலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம். அதற்கு அலசு நீர் ஏற்றது. ஒரே மரத்துக்கு நாள்தோறும் விடாமல் பாத்தி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். கீரைக்கும் அவரைக்கும் விடலாகாது. வெளுப்புக் காரம் சேர்த்த நாளில் எதற்கும் விடலாகாது. மழைக்காலத்தில் தோட்டமே நீரில் நிற்குமாகையால் எல்லா நீரும் வடிகாலுக்கே போக வேண்டும். வடிகால் இருக்குமிடத்தில் கொம்யூன் பஞ்சாயத்தின் அனுமதி பெற்று இணைக்க வேண்டும். மழையில் தெரு வடிகாலின் நீர் ஏறிய கறைக் கோட்டுக்கு மேலே நம் குழாயின் வாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் தெரு நீர் வீட்டுக்குள் திரும்பும். வடிகால் இல்லாத தெருவில், கிணறுகளுக்கு 18 மீட்டருக்கு அப்பாலுள்ள தென்னந்தோப்பே தக்க இடம்.

பயிரிடுவோருக்கும் நெசவாளருக்கும்

கடற்கரை மணலுக்குக் கூறியதை உள்நாட்டுக் களிமண்ணுக்கு அப்படியே கொள்ளலாகாது. சலவைத் தூளில் சோடியம் உப்புகள் மிகுதி. களிமண்ணில் சோடியம் சேரச் சேர மண்ணின் கட்டு சிதைந்து, நீர் இறங்காமல் மேலே நிற்கும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். களிமண் நிலமுடையோர் அலசு நீரையும் அளவோடு விடுவது நலம். திரவ சோப்புகளில் பொதுவாகச் சோடியம் தூளைவிடக் குறைவு.

குழித்தறி உள்ள வீடுகளில் மற்றொரு கவனம் வேண்டும். தறிக்குழி, வீட்டுத் தரையிலேயே மிகத் தாழ்ந்த இடம். வடிகால் குழாய் தறிக்கூடத்தின் அடியே செல்லுமாயின், சிறு கசிவும் குழியிலேயே வந்து ஊறும். மிதிகட்டை உளுத்து, பாவு ஈரம் கோத்துக் கெடும். குழாயைச் சுற்றுவழியாகவேனும் தறிக்கூடத்துக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும்.

கழிவு நீருக்கு வழி செய்யாத தொழில் என்னவாகும் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. திருப்பூரின் சாயக் கழிவு அவ்வாற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வீட்டுச் சலவை நீர் அத்தனை கொடியதன்று. எனினும் நீரில் கரைந்த உப்பு எங்கும் மறைவதில்லை, யாரோ ஒருவருடைய கிணற்றிலே சேருகிறது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

சங்கம் செய்யக்கூடியது

மூன்று யந்திரங்கள் நாளொன்றுக்கு முந்நூறு லிட்டர் வெளியேற்றுவதாகக் கொண்டால், ஆண்டில் முந்நூறு நாளைக்கு 90,000 லிட்டர் ஆகும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கிறது. அக்கணக்கில், ஐவருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் நீரை ஒரு வளவு சலவைக்கு மட்டும் செலவிடுகிறது. இவ்வளவு நீருக்கும் வழி வகுப்பது தனி ஒருவர் காரியம் அன்று.

சங்கங்கள் வீட்டுச் சாமான்களுக்குக் கடன் வழங்கும்போது, யந்திரத்தின் விலைப்பட்டியலுடன் வடிகாலின் மதிப்பீட்டையும் கேட்டுப் பெறலாம். துணைவிதிகள் இடம் கொடுக்குமாயின் இரண்டுக்கும் சேர்த்தே கடன் வழங்கலாம். ஒரே வளவில் வசிக்கும் அங்கத்தினர்கள் தனித்தனியே மூன்று குழி தோண்டுவதைவிட, ஒரே பொதுக் குழாயும் ஒரே மணல் தொட்டியும் அமைத்துச் செலவை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனம். தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை எந்த வாரம் எந்த வீட்டினுடையது என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தைப் பங்கிட்டவர்கள் வேலையைப் பங்கிடாமல் விட்டதால் கெட்ட பொதுச் சொத்துக்கள் அநேகம் என்பதை நமது தணிக்கை அனுபவம் காட்டுகிறது.

குழாய் மாற்றப் பணம் சேரும்வரை செலவில்லாத ஒரு வழியும் உண்டு. மூன்று வீட்டாரும் யந்திரத்தை ஒரே நேரத்தில் இயக்காமல், ஒருவர் முடித்த பின் மற்றவர் தொடங்க வேண்டும். நாம் கூறிய வளவில் முதலில் செய்தது இதுவே. காலையில் மூத்தவர் வீடும், நடுப்பகலில் இரண்டாமவர் வீடும், மாலையில் இளையவர் வீடும் என்று முறை வைத்தார்கள். அதிகமாக நீர் விடும் யந்திரம் ஓடும்போது துவாரத்தருகில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டியிருந்தது. எனினும் கணுக்கால் நீர் நின்றது, மனஸ்தாபமும் குறைந்தது. பிறகு கிணற்றருகிலிருந்த குழியை மூடி, தோப்புப் பக்கமாகப் பெரிய குழாய் கொண்டுசெல்லும் வேலையை மூவரும் சேர்ந்து மேற்கொண்டனர். முன்பு விட்ட சோப்பு நீர் மண்ணைவிட்டு அகலச் சில மழைக்காலங்கள் ஆகலாமாகையால், அதுவரை அக்கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ உபயோகிக்க வேண்டாம் என்று நாம் கூறி வந்தோம்.

புதிய யந்திரம் வாங்க எண்ணும் அங்கத்தினர்கள், கடைக்குப் போகுமுன் ஒரு வாளியும் அளவு நாடாவும் கொண்டு மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இப்போதுள்ள யந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறது, வீட்டுக் குழாயின் விட்டம் என்ன, நீர் விழும் இடத்துக்கும் கிணற்றுக்கும் தூரம் எவ்வளவு. இம்மூன்றையும் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் காட்டிய பின் விலை பேசுவதே முறை.